ஒரே ஒரு முறை வழங்கிய பெயர்

என் மனைவியின் அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோராண்டுகள் அலுவலக உதவியாளராக இருந்தார். அறுபத்திரண்டு சாவிகள் கோத்த வளையம் இடுப்பில் தொங்கியதால் எல்லோருக்கும் அவர் ‘சாவி அண்ணன்’. வளையத்தின் ஓசை கேட்டதுமே வகுப்புகள் அடங்கிவிடும். ஆகவே குறும்பு செய்த எவரையும் அவர் ஒரு நாளும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அவர் பெயர் யெதிதியா. எபிரெய மொழியில் ‘கர்த்தருக்குப் பிரியமானவன்’ என்று பொருள். சாலொமோன் பிறந்தபோது நாத்தான் தீர்க்கதரிசியின் வழியாகக் கடவுள் இட்ட பெயர். வேதாகமத்தில் அது வருவது அந்த ஓரிடத்தில்தான். வேதச் சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்துக் காட்டும் ஒத்தவாக்கிய அகராதியை வைத்து நானே சரிபார்த்தேன். நாற்பதாண்டுகள் அரசாண்ட சாலொமோனை, அப்பெயர் சொல்லி எவரும் அழைத்ததாக எழுதப்படவில்லை. மச்சானின் கதையும் அதுவே. பாதிரியார் ஒரு முறை உச்சரித்தார். பிறகு அது காகிதங்களில் உறங்கியது. ஏதோ படிவத்தில் அண்ணன் பெயரைக் கேட்டபோது, என் மனைவியே என் முகத்தைப் பார்த்தாள்.

அவர் ஓய்வுபெறும் மாதத்தில், பிரிவுபசாரக் கேடயத்தில் ‘சாவி அண்ணன்’ என்றே பொறிப்பது என விழாக்குழு தீர்மானித்தது. அன்று மாலை மச்சான் என் வீட்டுக்கு வந்து, மேசை விரிப்பை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, ஒரு தடவையாவது அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடணும். அம்மா ஆசையா வச்ச பேரு. அதுக்கப்புறம் சாவியோ பூட்டோ, என்னவோ சொல்லிக்கட்டும்.”

“நான் பழைய தாளெல்லாம் சேர்க்கற பெட்டியைப் பார்த்துக் ‘காகிதக் கல்லறை’ன்னு சிரிச்சது யாரு, மச்சான்?”

“நான்தான். இப்ப அந்தக் கல்லறையிலருந்து என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்களேன்.”

என் அலுவலகத்தார் என் பணிப்பதிவேட்டைத் தொலைத்துவிட்டு, எனக்குரிய பதவி உயர்வை வேறொருவருக்கு அளித்த நாள் முதல், நான் எந்தத் தாளையும் எறிவதில்லை. மச்சானின் ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பணி நியமன ஆணை ஆகியவற்றின் நகல்களை இணைத்து, கேடயத்திலும் மேடை அழைப்பிலும் யெதிதியா என்ற பெயரே வர வேண்டும் என்ற விண்ணப்பத்தைப் பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். தலைமை எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெஜிஸ்டர்ல இருக்கறது சரிதான், சார். ஆனா இதைப் போட்டா யாருக்குக் குடுக்கறோம்னே தெரியாதே!”

“வாங்கறவருக்குத் தெரியும்.”

ஒப்புக்கொண்டார். அவர் முத்திரையிட்ட நகல் என்னிடம் உள்ளது.

விழாவில் தலைமையாசிரியை ஒலிவாங்கியில், “திரு. யெதிதியா அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்” என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மச்சானும் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் முறை அழைத்ததும், பின்னாலிருந்து வரப்போகிறவருக்கு வழிவிடுவதற்காகக் கால்களை மடக்கிக்கொண்டார்.

“மச்சான், நீங்கதான்!”

“நானா? அய்யய்யோ, ஆமா!”

எழுந்தவர் நடக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கைகூப்பினார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை கூப்பிடுங்க. இந்தத் தடவை ஒழுங்கா வர்றேன்.”

அரங்கமே சிரித்தது. தலைமையாசிரியை சிரிப்பை அடக்கி, மூன்றாம் முறை நிறுத்தி நிதானமாக அழைத்தார். பெயர் முழுதாக முடியுமுன் மச்சான் மேடைப் படியில் கால் வைத்துவிட்டார்.