செயின் கழன்ற வெள்ளிக்கிழமை

ஓனுண் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் பனிக்கு அடியில் ஒரு வேலிக்கம்பம் இருப்பது ஹால்டிஸுக்கு நன்றாகவே தெரியும். அப்பா கிரேகரின் இடுப்பு தேய்ந்துபோய், அண்ணன்கள் இருவரும் கடலோரத்து எண்ணெய் வேலைக்குப் போய்விட்ட பிறகு, டெலமார்க் மாவட்டத்தின் அந்த மேல் பள்ளத்தாக்கில் பாலத்திலிருந்து கடைசி வீடு வரைக்கும் பனி வாருகிற பொறுப்பு அவள் தலையில்தான் விழுந்திருந்தது. பனிவாரி எந்திரம் டிராக்டரின் பின்னால் மாட்டியது. அதனால் குளிர்காலம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும். முப்பதைத் தொடுகிற வயதிலேயே அவளுக்கு வலது தோள் ஒரு மாதிரி ஏறிப்போயிருந்தது. அது பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. பால் லாரி மேலே வந்துபோக வழி இருந்தால் ஊருக்கு அதுவே போதும்.

அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை அவள் நினைப்பு வேறெங்கோ போயிருந்தது. பனிவாரி கம்பத்தை விழுங்கிவிட்டது.

பனிவாரியின் வாயில் திருகாணிபோல் சுழலும் நீண்ட இரும்பு பனியை வாரிக் கொடுக்கும். அதற்குப் பின்னாலிருக்கும் விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர எறியும். விசிறியைச் சுற்றுவது டிராக்டரிலிருந்து வரும் ஷாஃப்ட். திருகைச் சுற்றுவது, பக்கவாட்டில் இரண்டு பல்சக்கரங்களின் மேல் ஓடும் செயின். கல்லோ கட்டையோ சிக்கினால் முதலில் ஒடிவதற்கென்றே ஷாஃப்டில் ஒரு மெல்லிய போல்ட் வைத்திருப்பார்கள். அது போனால் மற்றதெல்லாம் பிழைக்கும். அன்று அது போகவில்லை. பேரிங் நொறுங்கியது, மேல் பல்சக்கரம் பிளந்தது, செயின் கழன்று பனியில் விழுந்தது.

எந்திரத்தை எப்படியோ இழுத்து வந்து மாட்டுக்கொட்டகையின் முன்கூடத்தில் போட்டுவிட்டு, ஹால்டிஸ் சமையலறைக்குள் நுழைந்தாள்.

“அந்த போல்ட்ட யாருப்பா மாத்துனது?”

“நான்தான்,” என்றார் கிரேகர், காபிக் கோப்பையிலிருந்து கண்ணெடுக்காமல். “முன்ன இருந்தது பிஸ்கட் மாதிரி ஒடஞ்சுக்கிட்டே இருந்துச்சு.”

“அது ஒடையறதுக்குன்னே வச்ச போல்ட்டுப்பா!”

“ஒடையறதுக்குன்னு எவனாவது போல்ட் வாங்குவானா? நான் நல்லதா பாத்துப் போட்டேன்.”

அவரோடு பேசிப் பயனில்லை என்று அவள் கீழே டவுனிலிருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டாள். எடுத்தது ஐலெவ். அந்தக் குரலை அவளுக்குச் சில வருஷமாகத் தெரியும், ஆளைப் பார்த்ததில்லை. சாமான்கள் எப்போதும் பால் லாரியில் வந்துவிடும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைப்பதுபோல் பேசுவான். வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒருவரை அவளாகவே கற்பனை செய்து வைத்திருந்தாள்.

“பேரிங் இருக்குங்க. பல்சக்கரமும் இருக்கு. எப்ப வேணும்?”

“நேத்தே வேணும்,” என்றாள்.

சாயங்காலம் ஒரு சின்னக் கார் முற்றத்தில் வந்து நின்றது. அதிலிருந்து ஒல்லியாக, நெட்டையாக, காது இரண்டும் குல்லாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒருவன் அட்டைப்பெட்டியோடு இறங்கினான். வாயைத் திறந்து “ஹால்டிஸ்ங்களா?” என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு ஆள் யாரென்று புரிந்தது.

கிரேகர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, திங்கக்கிழம பால் லாரியில போட்டு விட்டிருக்கலாமே?”

“அவசரம்னு சொன்னாங்க.”

“இவ எல்லாத்தையும் அவசரம்னுதான் சொல்லுவா. இதுக்கு முன்னாடி யாரும் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு மலையேறி வந்ததில்ல.”

ஐலெவின் காதுகள் சிவந்தன. ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் பேச்சு. காபி ஆறுவதற்குள் வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. அவன் எழுந்து குல்லாவை மாட்டியபோது முற்றத்தில் கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது.

“ரோட்டத் தெறக்குற எந்திரம் கொட்டாயில துண்டுதுண்டாக் கெடக்கு,” என்று கிரேகர் குஷியாக விளக்கினார். “அது எந்திரிச்சாத்தான் நீ வீடு போய்ச் சேருவ. கைய மடிச்சு விடு தம்பி.”

ஐலெவுக்குப் பனிவாரியின் ஒவ்வொரு பாகத்தின் நம்பரும் மனப்பாடம். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவான். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை கொட்டகையில் ஷாஃப்டின் முன் குந்தி உட்கார்ந்தபோது, “இதெல்லாம் உள்ள இப்படியா இருக்குது!” என்று அவன் சொன்ன விதத்தில் ஹால்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. சொந்தக்காரர்களைப் போட்டோவில் மட்டும் பார்த்தவன் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருந்தான்.

பழைய பேரிங்கைத் தட்டி எடுக்கவே நடுப்பகல் ஆகிவிட்டது. புதியதை ஷாஃப்டில் ஏற்ற, அதைச் சமையலறை அடுப்பில் எண்ணெய்ச் சட்டியில் போட்டுச் சூடாக்கினாள்.

“என்ன பலகாரம்?” என்றார் கிரேகர்.

“உங்களுக்குத்தாம்ப்பா. உங்க பல்லுக்கு இதுதான் சரி.”

இடுக்கியில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சூட்டில் விரிந்திருந்த பேரிங் குளிர்ந்த ஷாஃப்டில் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றார்கள். பக்கத்திலிருந்த பசுக்கள் திரும்பிப் பார்த்தன.

பல்சக்கரங்களை நேர்படுத்துவதுதான் பெரிய வேலை. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் செயின் பக்கவாட்டில் தேய்ந்து தேய்ந்து, ஏதாவது ஒரு மேட்டில் கழன்றுவிடும். ஹால்டிஸ் தூண்டில் நூலை எடுத்து வந்தாள். கீழ்ச்சக்கரத்தின் முகத்தோடு ஒட்டி அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மேல்முனையை ஐலெவ் இழுத்துப் பிடித்தான். மேல்சக்கரம் நூலைத் தொடாமல் ஒரு நகக்கனம் உள்ளே தள்ளியிருந்தது. கழற்றினார்கள், பின்னால் ஒரு வாஷர் போட்டார்கள், மறுபடி நூல். இப்போது சற்று வெளியே வந்துவிட்டது. மறுபடி கழற்றினார்கள்.

பசுக்களின் வெதுவெதுப்பில் கொட்டகை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. ஐலெவ் தன்னையறியாமல் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தான். ராகம் ஒரு பக்கம் போக அவன் ஒரு பக்கம் போனான்.

“நூல உன் பக்கம் கொஞ்சம் இழு,” என்றான். சொன்ன பிறகுதான் ‘ங்க’ கழன்றுபோனது அவனுக்குத் தெரிந்தது. அப்படியே நின்றான்.

“இழுத்துட்டேன்,” என்றாள் அவள், நூலிலிருந்து பார்வையை எடுக்காமல். “நீ ஆட்டாமப் பிடி.”

அடுத்த தடவை நூல் இரண்டு சக்கரங்களையும் ஒரே சமயத்தில் தொட்டது. இருவருமே நூலை உடனே விடவில்லை.

ஞாயிறு காலை பனி நின்றது. இடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி வீட்டு ஓனுண், “பாலக் கொட்ட எடமில்ல, குளிக்கிற தொட்டியில ஊத்தி வச்சிருக்கேன். நான் குளிக்கணுமா வேணாமா?” என்று கத்தினான். ஹால்டிஸ் டிராக்டரைக் கிளப்பி ஷாஃப்டை ஓடவிட்டாள். உடனே எந்திரம் முழுக்கக் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. சமையலறை ஜன்னலை கிரேகர் தடியால் தட்டினார். அவள் அவசரமாக நிறுத்தினாள்.

“நேர்படுத்துனது தப்பாப் போச்சா?” ஐலெவின் முகம் தொங்கிவிட்டது.

“செயின் நேராத்தான் ஓடுச்சு. இது வேற.”

அவள் பனியில் மல்லாந்து படுத்து, டிராக்டரிலிருந்து வரும் ஷாஃப்டின் நீளத்தைப் பார்த்தாள். அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. ஒவ்வொரு முனையிலும் ஒரு கவட்டை. இரண்டு கவட்டையும் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இங்கே ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது கொட்டகையைப் பார்த்தது.

“இத மாட்டுனது யாரு?” என்றான் ஐலெவ்.

“நான்தான்.” படுத்தபடியே சொன்னாள். “நீ அப்பப் பாடிக்கிட்டிருந்த.”

திருப்பி மாட்டியபின் எந்திரம் உதறாமல் பூனைபோல் சாதுவாக ஓடியது. ஒடிகிற போல்ட்தான் போட்டிருக்கிறதா என்று ஐலெவ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான். முதலில் மேலே போய் ஓனுணின் குளியல்தொட்டிக்கு விடுதலை கொடுத்தாள். பிறகு கீழே பாலம் வரை திறந்தாள். அவள் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போக, திறந்த வழியில் அவன் கார் டிராக்டரின் மூக்கை ஒட்டி ஊர்ந்து வந்தது. பாலத்தில் கார்க் கண்ணாடியை இறக்கினான்.

“வேற ஏதாவது ஒடஞ்சா போன் போடு.”

“ஒண்ணும் ஒடையலன்னா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்பவும் போடு,” என்றான்.

அடுத்த கோடையில் கல்யாணம். ஐலெவ் கடை வேலையை விடவில்லை. காலையில் அவள் திறந்துவிட்ட வழியில் கீழே போவான், சாயங்காலம் திரும்புவான். ஒவ்வொரு இலையுதிர்காலமும் பனிவாரியைப் பிரித்து, கிரீஸ் வைத்து, நூல் பிடித்துப் பார்ப்பார்கள். வாஷர் எத்தனை என்பதில் சண்டை வரும். ஒரு வருஷம் அந்தச் சண்டை கிறிஸ்துமஸ் வரைக்கும் நீண்டது. பிள்ளைகள் இல்லை. அந்த வருத்தம் ஒரு காலத்தில் பெரிதாக இருந்து, பிறகு பழகிவிட்டது. கிரேகர் தான் போட்ட போல்ட்டால்தான் மருமகன் கிடைத்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பல வருஷங்கள் கழித்து, ஐலெவ் ஒரு மே மாதத்தில் இறந்துபோனான். அந்தக் குளிர்காலம் ஹால்டிஸுக்கு டிராக்டரில் ஏற மனம் வரவில்லை. ஓனுணின் மகள் கிரியிடம் ரோட்டைக் கொடுத்துவிட்டாள். கிரியின் எந்திரம் முன்பக்கம் மாட்டியது, கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. சுற்றின் நடுவே கிரி ஹால்டிஸ் வீட்டுக்கு வாஃபல் அப்பம் தின்ன வருவாள், பழுப்புப் பாலாடைக்கட்டியை அளவில்லாமல் வைத்துக்கொள்வாள்.

“அன்னிக்கி உங்க நெனப்பு எங்க போயிருந்துச்சு அத்தை?” என்று ஒருநாள் கேட்டாள். “கம்பம் இருக்குறது தெரிஞ்சும் மேல ஏத்திட்டீங்களே?”

ஹால்டிஸ் அதைப் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். தபால் வேலைக்கு எழுதிப் போடலாமா, ஊரைவிட்டே போய்விடலாமா என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்த ஞாபகம்.

“தெரியல புள்ள,” என்றாள். “நல்ல நெனப்பாத்தான் இருந்திருக்கும்.”

கிரி சிரித்தபடி கையுறைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேல் வீடுகள் இன்னும் பாக்கி இருந்தன. ஹால்டிஸ் ஜன்னலருகே நின்றாள். ரோட்டோரம் பனி வில்லாக வளைந்து எழுந்து, பைன் மரங்களுக்கு அப்பால் போய் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் வளைவைத் தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனாள்.