ஐந்து மாதம் உட்காராத அம்மன்

ஆறு வாரம் இந்தப் பத்தி வரவில்லை. 'எழுத்தாளர் விடுமுறையில்' என்று ஆசிரியர் போட்டுவிட்டார். பாகான் செராயிலிருந்து ஒரு வாசகி போன் செய்து, "எங்கக்கா டூர் போனீங்க, பாலிக்கா?" என்று கேட்டார்.

பாலி இல்லை தங்கச்சி. ஆஸ்பத்திரி, பிறகு என் பெட்ரூம். உடம்பில் ஒரு டியூப், டியூப் முனையில் ஒரு பை... எல்லாவற்றையும் இந்த வாரம் சொல்லிவிடப் போகிறேன். பசியாறிக்கொண்டே படிப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்.

ஏழு மாதத்துக்கு முன்பு கர்ப்பப்பையில் கட்டி என்று ஆப்பரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்தாவது நாள் சமையலறையில் நிற்கிறேன் — காலடியில் தண்ணீர். பைப் உடைந்துவிட்டதோ என்று சிங்க் அடியில் குனிந்து பார்த்தேன். பைப் நன்றாகத்தான் இருந்தது. உடைந்தது நான்.

மூத்திரம் வருகிற உணர்வே இல்லை. இருமினால், சிரித்தால் இரண்டு சொட்டு வருவது வேறு. அது எனக்குப் பழைய சிநேகிதம். இதுவோ நின்றாலும் படுத்தாலும் வந்துகொண்டே இருந்தது, பொது விடுமுறை கூட எடுக்காமல்.

டாக்டரிடம் சொன்னேனா? மறுசோதனைக்குப் போனபோது, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "ஓகே டாக்டர்" என்றேன். முப்பது வருடம் பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து, யார் எதைக் கேட்டாலும் ஓகே சொல்லிப் பழகிய வாய். போதாததற்கு, கர்ப்பப்பை போனால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானே டாக்டராகித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

உட்கார்ந்தால்தானே நாற்காலி நனையும்? வெளியில் எங்கே போனாலும் உட்காருவதையே நிறுத்திவிட்டேன். வீட்டுக்காரரிடம் மூலம் என்று சொல்லி வைத்தேன். மனிதர் தினமும் பசாரிலிருந்து பப்பாளி வாங்கி வந்தார். ஐந்து மாதம்... பப்பாளி!

செமோர் பக்கம் எங்கள் பழைய எஸ்டேட்டில் ரப்பர் மரங்கள் போய்த் தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, நான் தூணோரம் நின்றேன். அன்னதானத்தை நடத்தும் பாக்கியம் அக்கா சாம்பார் வாளியோடு வந்தார். (பெயரை மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

"ஏன் சாந்தி நிக்கிற? உக்காருலா."

"பரவால்லக்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேண்டுதலா?"

ஆமாம் என்று தலை தானாக ஆடிவிட்டது.

அடுத்த வெள்ளிக்குள் தாமான் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மகள் தர்ஷினிக்குத் தாலி ஏறும்வரை சாந்தி உட்கார மாட்டாளாம்! எனக்கு வழிவிட்டார்கள். கும்பிட்டார்கள். வாடையை மறைக்க நான் சந்தன சென்ட்டை அரை பாட்டில் கொட்டிக்கொண்டு போவேன். "அக்கா பக்கத்துல போனாலே கோயில் வாசம்லா!" என்று அதற்கும் ஒரு கன்னத்தில் போட்டுக்கொள்ளல்.

லாரி ஓட்டும் குமார் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு விடாமல் நச்சரித்தான். தொல்லை தாங்காமல் எங்கள் கார் நம்பரைக் கத்தினேன். அது ஆறுதல் பரிசில் வந்து தொலைத்தது. அதன்பிறகு கேட்கவா வேண்டும்? என் மகிமை லூமுட் வரை போய்விட்டது.

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஐயர் சடங்கு லிஸ்ட்டைக் கொடுத்தார். பெண்ணின் தாய் மணவறையில் உட்கார வேண்டும். பிள்ளைகள் பாதபூஜை செய்வார்கள். தாரை வார்க்கும்போது தாய்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்ற என்னைவிடத் தகுதியான ஆள் பேராக் மாநிலத்திலேயே கிடையாது. ஆனால் அத்தனை பேர் முன்னால், பட்டுப் புடவையில் உட்காருவது எப்படி?

"உன் அத்தையும் மாமாவும் உக்காரட்டும்மா" என்றேன்.

தர்ஷினி கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்தாள். "நீங்க உக்காரலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம். அப்படி என்னம்மா வேண்டுதல்?"

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. கோபம்தான் வந்தது. "வீட்டுல தண்ணி ஒழுகுனா ப்ளம்பரக் கூப்புட மாட்டீங்களா? அஞ்சு மாசமா அம்மன் வேஷம் போட்டீங்களா?"

மறுநாளே ஈப்போவில் ஒரு பெண் டாக்டர் முன்னால் நின்றேன். சீனப் பெண்மணி. அவர் மலாயில் பேச, அங்கிருந்த தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மொழிபெயர்த்தார். அப்பாய்ண்ட்மென்ட் அட்டையின் பின்புறம் டாக்டர் படம் போட்டார். இது மூத்திரப்பை, இது பிறப்புறுப்பு, நடுச்சுவரில் ஒரு புள்ளி.

"இது ஓட்டையாம்க்கா. ஃபிஸ்டுலான்னு பேரு. உங்களுக்கு ரெண்டு பிரசவமும் சிசேரியன்தானே, உள்ள எல்லாம் ஒட்டியிருந்தா ஆப்பரேஷன் பண்ணும்போது சில பேருக்கு இப்படி ஆகுமாம். உங்க தப்பு இல்ல. தைக்கலாம்."

தைக்கலாம்! அந்த ஒரு வார்த்தைக்கா ஐந்து மாதம் நின்றேன்?

ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தண்ணீர் என்று கேட்டார். இரண்டு என்றேன், பெருமையாக. டாக்டர் பேனாவை வைத்துவிட்டுத் திட்டினார். தண்ணீரைக் குறைத்தால் ஒழுகல் நிற்காது, மூத்திரம் கெட்டியாகித் தோல்தான் புண்ணாகும் என்று மிஸ்ஸி மென்மையாக மொழிபெயர்த்தார். டாக்டர் சொன்னது அவ்வளவு மென்மையாக இல்லை.

பிறகு நீல டெஸ்ட். மூத்திரப்பைக்குள் நீல மருந்தை ஏற்றி, பிறப்புறுப்பில் வரிசையாக மூன்று பஞ்சு வைத்து, கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். எந்தப் பஞ்சு நீலமாகிறதோ அங்கேதான் ஓட்டையாம். காரிடாரில் நடந்தேன். எதிரே யார்? குமார்!

"அக்கா! ஆஸ்பத்திரியையும் சுத்துறீங்களா? வேண்டுதலா?"

பதில் சொல்வதற்குள் கைகளைக் கூப்பிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். அவன் வருவதைப் பார்த்து, டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவரும் சேர்ந்துகொண்டார். உள்ளே நீல மருந்தோடு நான். பின்னால் இரண்டு பக்தர்கள். மூன்று சுற்று போனோம். மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு என்னை உள்ளே இழுத்தார்.

மேல் பஞ்சு, மை கொட்டியது போல நீலம்.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. தைத்த இடம் ஆற, மூத்திரப்பை காலியாகவே இருக்க வேண்டுமாம். அதற்குத்தான் மூன்று வாரம் டியூப்பும் பையும். தர்ஷினி அந்தப் பைக்குப் பட்டுத் துணியில் உறை தைத்தாள். வீட்டுக்காரரிடம் மூலம் இல்லை என்று சொன்னபோது, மனிதர் கையிலிருந்த பசார் பையைப் பார்த்தார். பிறகு, "அப்போ பப்பாளி வேணாமா?" என்றார்.

டியூப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, வீட்டுக்காரரின் வெள்ளை சோபாவில் பிளாஸ்டிக் எதுவும் விரிக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அப்பாவும் மகளும் பேட்மிண்டன் இறுதி ஆட்டம் பார்ப்பது போல எதிரே நின்றார்கள். எழுந்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

சோபா காய்ந்திருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் பிள்ளை பெற்றபோதுதான் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறு கல்யாணம். மணவறையில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்தேன். பிள்ளைகள் என் காலைக் கழுவியபோது தாங்க முடியாமல் அழுதேன். தண்ணீர் கண்ணிலிருந்து மட்டும்தான் வந்தது.

கீழே ஒரே சலசலப்பு. தாலி ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாளே! பந்தி நேரத்தில் பாக்கியம் அக்கா வாளியோடு ஓடி வந்தார். "என்ன சாந்தி, வேண்டுதல் என்னாச்சு?"

போதும் என்று தோன்றியது. "வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. மூத்திரப்பையில ஓட்டை. டாக்டர் தைச்சிட்டாங்க" என்றேன். நான்கு மேசைக்குக் கேட்டிருக்கும்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்து, கை கழுவும் இடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"தைச்சா... நின்னுடுமா?"

"எனக்கு நின்னுடுச்சுக்கா."

"எனக்கு ஒம்போது வருசம் சாந்தி. கர்ப்பப்பை எடுத்ததுல இருந்து." சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீ தூணோரம் நின்னப்பவே எனக்குத் தெரியும். அதான் வேண்டுதலான்னு நானே எடுத்துக் குடுத்தேன். எனக்கு அப்படி யாரும் எடுத்துக் குடுக்கல... உக்காராம இருக்கத்தான் வாளியத் தூக்கிட்டேன்."

பக்கத்தில் கிடந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கக்கா. டாக்டர் பேரு எழுதித் தாரேன்."

"நனைஞ்சிடும்லா..."

"நாற்காலிதானேக்கா. தொடைச்சா போச்சு!"