பெனால்ட்டிக்கு முன்னால் கழற்றிய கையுறை

போன வருடத்துக்கு முந்திய மழைக்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மைதானத்தில் நடந்தது இது. 

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தென்காசிப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி மும்பைக்கு வந்தவள். அவர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர். தோல் பட்டறையில் கட்டிங் வேலை. பூர்வீகம் திருநெல்வேலி என்று பேர்தான், வாயைத் திறந்தால் பாதி இந்தி, கால்வாசி மராத்தி, மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தமிழ். "கிட்கிய பந்த் பண்ணு, பாரிஷ் உள்ள வருது" என்பார், ஜன்னலைச் சாத்து, மழை உள்ளே வருகிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்புத் தாங்காது. "நீங்க பேசுத தமிழக் கேட்டா எங்க ஊரு எருமமாடு மிரண்டுரும்" என்பேன். "அரே, காலி பீலி தலைய தின்னாத. சின்னப் பிள்ளைல அம்மைகூட நல்லாத்தான் பேசுனேன், ஸ்கூல் போயி எல்லாம் கதம்" என்பார். அந்த அம்மா, என் மாமியார், நான் வந்து இரண்டொரு வருடத்தில் தவறிப்போனார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒழுங்காகத் தமிழ் பேசிய ஆள் நான் மட்டும்தான்.

இன்னொரு பைத்தியம் அவருக்கு ஃபுட்பால். வாரம் பூராவும் பட்டறையில் குனிந்தே கிடப்பவர், ஞாயிறு வந்தால் மைதானத்தில்தான் இருப்பார். தமிழ் ஆட்கள், மராத்தி ஆட்கள், யூபிக்காரர்கள் எல்லாரும் கலந்த டீம். எல்லாரும் கல்யாணமானவர்கள், சிலருக்குத் தொப்பை வேறு. இந்த மழைக்கால டோர்னமென்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வெளியே வரலாம், திரும்ப உள்ளே போகலாம். அதனால் அடிபட்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குளிர்ச்சியாக ஒரு ஸ்ப்ரே, தலையில் ஒரு பாட்டில் தண்ணீர், முதுகில் ஒரு தட்டு, "சல், உட்", எழுந்திரு என்று உள்ளே அனுப்பிவிடுவார்கள். அடிபட்டு எழுந்து போகிறவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். நானும் கைதட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு செமிஃபைனல். எதிர் டீம் அம்பர்நாத்திலிருந்து வந்திருந்த ஃபேக்டரி ஆட்கள். மைதானமா அது, நாற்று நடலாம் போல இருந்தது. இரண்டு பக்கமும் தலா ஒரு கோல். ஆட்டம் முடியப்போகிற நேரம். கார்னரிலிருந்து பந்து வந்தது, இவர் தலையால் முட்டக் குதித்தார். அதே பந்துக்கு அவர்கள் கோல்கீப்பரும் பாய்ந்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்ததில் கீப்பருடைய முழங்கால் இவர் காதுக்கு மேலே இடித்துவிட்டது. நான் நின்ற இடத்துக்கே சத்தம் கேட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம் இல்லை. கொஞ்சம் வீங்கியிருந்தது. தண்ணீரை ஊற்றினார்கள், ஸ்ப்ரே அடித்தார்கள். விசில் வைத்திருந்தவர் பெனால்ட்டி கொடுத்துவிட்டார். எங்கள் டீமில் பெனால்ட்டி என்றால் இவர்தான். அது உள்ளே போனால் ஃபைனல். மைதானமே கத்துகிறது.

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, "ஏட்டி, ஊர்ல இருந்து எப்பம் வந்த? அத்த சொகமா இருக்காவளா?" என்றார்.

அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. இந்தி ஒரு சொட்டு இல்லை. நான் என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "அண்ணியைப் பார்த்ததும் மதராஸி ஆயிட்டான்" என்று கேப்டன் இந்தியில் கிண்டல் செய்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். இத்தனை நாள் நான் கேலி பண்ணியதற்கு இத்தனை பேர் முன்னால் வேண்டுமென்றே நல்ல தமிழில் பதில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். "போதும், கொஞ்சாதிய. போயி பந்த அடிங்க" என்றேன்.

அவரும் பந்தை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று தமிழில் கேட்டார். அந்த ஆள் மராத்திக்காரர், சிரித்தபடி தலையை ஆட்டினார். நாலடி போய் வேறொருவரிடமும் அதையே கேட்டார்.

அம்பர்நாத் கீப்பர் கோலுக்கு நடுவில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று இரண்டு கையுறைகளையும் கழற்றினார். கழற்றிக் கீழே போட்டுவிட்டு நேராக இவரிடம் வந்தார். வந்து, "அண்ணாச்சி, இப்ப ஸ்கோர் எவ்வளவு?" என்றார். அவரும் தமிழர்தான், நாகர்கோவில் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இவர் யோசித்தார். யோசித்துவிட்டு மறுபடி, "நம்ம எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்றார்.

கீப்பர் விசில்காரரைப் பார்த்து, "இவரு ஆடக் கூடாது. வெளிய கொண்டு போங்க" என்று இந்தியில் சொன்னார்.

அவ்வளவுதான், கலாட்டா. எங்கள் ஆட்களுக்கு வந்ததே கோபம். பெனால்ட்டி அடிப்பவனை வெளியே தள்ளுவதற்கு இது ஒரு நாடகம் என்று எல்லாருமே நினைத்தார்கள். கேப்டன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இடிச்சதும் நீரு, இப்பம் டாக்டரும் நீருதானா? பெனால்ட்டி வாங்கப் பயமா இருந்தா வளையல் போட்டுட்டு வீட்ல இரும்" என்று கத்தினேன்.

அந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. "அக்கா, நீங்க அவரு வீட்டுக்காரியா? பெனால்ட்டிய வேற யாரு வேணா அடிக்கட்டும். இல்ல, அடிக்கவே வேண்டாம், கோல்னே வச்சுக்கிடுங்க, நாங்க தோத்தாச்சு. இவரு மட்டும் இனி ஓடக் கூடாது" என்றார்.

அவருடைய ஆட்களே அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் கையுறையைச் சேற்றிலிருந்து எடுத்து அவர் மேலேயே வீசினார். கீப்பர் இவரிடமிருந்து பந்தை வாங்கிக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். கோலை இலவசமாகக் கொடுக்கிறேன் என்கிறவன் நாடகம் ஆட மாட்டான் என்று அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவ்வளவு சண்டைக்கும் நடுவில் அவர் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பிறகு குனிந்து வாந்தி எடுத்தார்.

டாக்சி பிடித்தது யார், ஏற்றிவிட்டது யார் என்று எனக்கு நினைவில்லை. சேறும் சகதியுமாக அந்தக் கீப்பர் எங்களோடு ஏறிக்கொண்டார், அது நினைவிருக்கிறது. இவர் தலை ஆடாமல் அவர்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தூங்க விடாதிய, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க" என்றார். நான் என்னென்னவோ கேட்டேன். இவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "ஏட்டி, அம்மைக்கு ஒரு போன் போடு. கதவப் பூட்டிட்டுப் படுத்துருவா, அப்புறம் தட்டுனா கேக்காது" என்றார்.

 அவர் அம்மா செத்து வருடங்கள் ஆகிவிட்டன, கொள்ளி வைத்ததே இவர்தான். மைதானத்தில் என்னிடம் கேட்டதும் விளையாட்டுக்கு இல்லை என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. நான் ஊரிலிருந்து வந்தது எப்போது என்றே அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதைக் கேட்டுத்தான் நான் வெட்கப்பட்டேன், பந்தை அடிக்கப் போகச் சொன்னேன். டாக்சிக்குள் நான் அழவில்லை, அழுகை வரவே இல்லை. வாய் மட்டும் "சரி, போன் போடுதேன், சரி, போடுதேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தக் கசிவு. டாக்டர் ஒரு இளம்பெண், என்னை உட்கார வைத்துச் சொன்னார். கசிவு கொஞ்சமாகத்தான் இருக்கிறது, ஆபரேஷன் இல்லாமலே சரியாகலாம், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். "இதுக்கப்புறம் இன்னும் ஆடினாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இன்னொரு தடவை தலையில் பட்டிருந்தால் உங்களிடம் வேறு மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும்" என்றார். 

கீப்பர் அன்று ராத்திரி கடைசி வண்டி நேரம் வரைக்கும் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்று மட்டும் கேட்டேன். அவருடைய ஃபேக்டரியில் ஒருவர் தலையில் கம்பி விழுந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார், சிரித்திருக்கிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கிண்டல் செய்து மறுபடி மெஷினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அவரு வீட்டுக்குப் போயி அந்த அம்மாட்ட நான்தான் சொன்னேன், அக்கா. என்னால இன்னொரு வீட்டுக்குப் போக முடியாது" என்றார்.

கடவுள் புண்ணியத்தில் இவர் மெல்லத் தேறினார். வார்டுக்கு மாற்றின அன்று காலையில் கண்ணைத் திறந்து, "அரே யார், பஹுத் பூக் லக்குது, குச் இட்லி விட்லி இருக்கா?" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன். பக்கத்துக் கட்டில் ஆள் என்னவோ ஏதோ என்று நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "திரும்ப எப்ப ஆடலாம்?" நான் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சொன்னார். முதலில் வெளிச்சமும் சத்தமும் தலைவலி இல்லாமல் தாங்க வேண்டும், பிறகு நடை, பிறகு ஓட்டம், அதற்கும் பிறகு பந்து. இடையில் எந்தப் படியிலாவது தலை வலித்தால் இறங்கி வர வேண்டும். தலையால் முட்டுவது கடைசியிலும் கடைசி, அதுவும் மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு. நாள் குறித்துக் கொடுங்கள் என்று இவர் கெஞ்சினார். இது கல்யாணமா, முகூர்த்தம் வைக்க, என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

கேப்டன் வீட்டுக்கு வந்து, "பத்து நிமிஷம் மட்டும் நின்னா போதும்" என்று கேட்டார். இவரும், "நான் ஏக்தம் ஃபிட்" என்று எழுந்தார். நான் எழுந்து ட்யூப்லைட்டைப் போட்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெற்றியைப் பிடித்தார். கேப்டன் பார்த்துவிட்டு மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த மழைக்காலம் போயிற்று. குளிரும் போயிற்று. டாக்டர் சரி என்று சொன்னது அடுத்த வெயில் காலத்தில்தான்.

சொன்ன அன்றைக்கே இவர் அம்பர்நாத்துக்குப் போன் போட்டு அந்தக் கீப்பரிடம் பெருமையடித்தார். கீப்பர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "டாக்டர் சொன்னது இருக்கட்டும். இப்பம் எந்தத் தமிழ் பேசுதாரு?" என்று கேட்டார்.

"அதே குப்பைத் தமிழ்தான்" என்றேன்.

"அப்படின்னா ஆடட்டும், அக்கா."

இப்போது ஞாயிற்றுக்கிழமை மறுபடி மைதானத்துக்குப் போகிறார். நானும் போகிறேன், அடிபட்டு எழுகிறவனுக்குக் கைதட்டுவதில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சாப்பிடும்போது, "ஏட்டி, கொழம்பு ருசியா இருக்கு" என்று சுத்தமாகச் சொன்னார். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. "நான் ஊர்ல இருந்து எப்பம் வந்தேன், சொல்லுங்க, மொதல்ல அதச் சொல்லுங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். பயந்துபோய்ச் சரியாகச் சொன்னார். எத்தனை வருடம் அந்தத் தமிழைக் கேட்க ஆசைப்பட்டேன்! இன்றைக்கு அவர் "கிட்கிய பந்த் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.