சூடேறாத பிக்கப்

ரெம்பியாவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். பூச்செடிகளையும் பழக்கன்றுகளையும் டீசல் பிக்கப்பில் ஏற்றி, புக்கிட் பெருவாங், பாச்சாங் பக்கத்து வீடுகளுக்கு நானே ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பேன். தொட்டி நிறைய டீசல் போட்டால் எழுநூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி அது. போன வருடம் சட்டென்று அறுநூறைத் தாண்ட மறுத்தது.

என் கணவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். காலையில் இன்ஜினைப் பத்து நிமிடமாவது சூடாக்கிவிட்டு வண்டியை எடுக்க வேண்டும், என் அவசரத்தால்தான் டீசல் குடிக்கிறது என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நின்ற இடத்தில் உறுமினாலும் டீசல் செலவாகத்தானே செய்யும்? ஒரு தொட்டி முழுக்க அவர் சொன்னபடி ஓட்டினேன். அடுத்த தொட்டிக்கு, ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக நகர்த்திக்கொண்டே சூடாக்கினேன். பத்து நிமிடம் நிறுத்தி வைத்ததில்தான் தூரம் இன்னும் குறைந்தது.

அப்போதுதான் சூடு காட்டும் முள்ளைக் கவனித்தேன். முன்பு நடுவில் போய் நிற்கும். இப்போது பாச்சாங் போய்ச் சேர்ந்தும் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. மழை பெய்தால் இன்னும் இறங்கியது. இன்ஜின் கொதித்தால் பயப்படத் தெரியும். ஆறிக் கிடந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை ரோஜாக் கன்று எடுக்க இருவரும் கேமரன் மலைக்குப் போனோம். திரும்பும்போது அதிகாலைப் பனிமூட்டம், நல்ல குளிர். நீண்ட இறக்கத்தில் முள் சரிந்து அடிக்கோட்டில் படுத்துவிட்டது. அவரிடம் காட்டினேன். எதற்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கும் மனிதர், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பாச்சாங்கில் ஒரு வொர்க்ஷாப்பில் வண்டியை விட்டேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மெக்கானிக், தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும் என்றார். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கும் சின்ன வால்வு அது. திறந்தபடியே சிக்கியிருந்தால் இன்ஜின் எப்போதும் ஆறிப்போய், டீசலைக் கூடுதலாகக் கேட்குமாம். கழற்றிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல லா, அக்கா. யாரோ எடுத்துட்டாங்க."

சூடான நாட்டுக்கு இது எதற்கு என்று சிலர் எடுத்துவிடுவதுண்டாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அந்த வருடத் தொடக்கத்தில் நெடுஞ்சாலையில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. செடிகளோடு சாலையோரத்தில் தனியாக இரண்டு மணி நேரம் நின்றேன். போனிலும் சார்ஜ் இல்லை. அவர்தான் தேடிக்கொண்டு வந்தார். அந்த வாரமே யாரோ சொன்னதைக் கேட்டு, வேறொரு வொர்க்ஷாப்பில் அந்தத் தெர்மோஸ்டாட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"நீ அங்க நின்னது எனக்குக் கண்ணுலயே இருந்துச்சு. இனிமே கொதிக்கவே கூடாதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நூறு கேள்வி கேப்ப."

கேட்டிருப்பேன்தான். கோபப்பட நினைத்தேன், வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: அன்றைக்கு ஏன் கொதித்தது?

அதை மெக்கானிக்கிடமே கேட்டேன். ரேடியேட்டரில் பாதி மண்ணும் துருவுமாக அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்து, புது தெர்மோஸ்டாட் வாங்கி வைத்தார். கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பொருத்துவதற்கு முன் மெக்கானிக் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காட்டினார். வால்வின் வாய் மெல்லத் திறந்தது, வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. கணவர் இன்னொரு தரம் போடச் சொன்னார்.

திரும்பும் வழியில் அவர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நடுவுக்கு வந்து அசையாமல் நின்ற பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு தொட்டிகளுக்குள் பழைய மைலேஜ் திரும்பிவிட்டது. இப்போது வண்டியில் எதைத் தொட்டாலும் எனக்குச் சொல்லிவிடுகிறார். நேற்று வைப்பர் ரப்பர் மாற்றியதைக்கூட போன் போட்டுச் சொன்னார்.