விரல் வைக்காத ஓதல்

என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போனதுமே பள்ளிக்கூடத்தில் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டார்கள். மதரஸா நேரமும் அதுதான். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓதப் போவதை நிறுத்தினார்கள். கடைசியில் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஆலிமாவே ஒரு வழி சொன்னார். வீட்டில் ஓதி, குரலைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

அப்போது என் மகள் அரபி எழுத்துக் கூட்டித்தான் ஓதுவாள். மதரஸாவில் எழுத்தின் மேல் விரலை வைத்து ஓத வேண்டும். விரல் தடுமாறினால் ஆலிமா பிடித்துவிடுவார். குரல் பதிவில் விரல் தெரியாது.

நான் காரைக்குடியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவன். மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கும். மக்காவில் இமாம் ஓதுவதைப் போல நீட்டி, நிறுத்தி, அப்படி ஓதுவாள். டிவியை அணைத்துவிட்டுக் கேட்பேன். அல்லாஹ் இந்த வீட்டைக் கைவிடவில்லை என்று கண் கலங்கும்.

அவள் பத்தாவது வந்தபோது குர்ஆன் ஓதி முடித்ததாக ஆலிமா சொன்னார். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டோம். பூந்தி வாங்கி வைத்தோம். ஆலிமா முன்னால் உட்கார்ந்து குர்ஆனின் கடைசிச் சின்ன சூராக்களைப் பார்க்காமலே ஓதினாள். என் மச்சினி வீடியோ எடுத்தாள். எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

ஆலிமாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. குர்ஆனை நடுவில் திறந்து அவள் முன் வைத்தார்.

"இதுல ரெண்டு வரி ஓதுமா, இவுகளும் கேக்கட்டும்."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தா, போனைத் தாங்க."

"ஏன்டி, ஓதி முடிக்கிறதுக்குள்ள செல்ஃபியா?" என்று மச்சினி சிரித்தாள்.

மகள் சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். போனில் ஓர் ஆப் இருக்கிறதாம். அது ஒரு வரி ஓதும்; கேட்டு அதே மாதிரி சொல்லிப் பதிந்துகொள்வாளாம். இத்தனை வருடமும் அப்படித்தான். எழுத்து என்றோ மறந்துபோயிருந்தது.

ஆலிமா குர்ஆனை மெல்ல மூடினார். "நேர்ல வரச் சொன்னா ஒரு பிள்ளையும் வராது பாய். இப்படியாச்சும் ஓதட்டுமேன்னுதான்…"

"வந்தவுகளுக்குப் பூந்தியைக் குடுங்க" என்றாள் என் மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு. கொடுத்தேன். வாங்கியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு மகளிடம் கேட்டேன். "ஓதணும்னு ஆசையே இல்லையாம்மா உனக்கு?"

"இருந்துச்சுத்தா. நல்லா ஓதுறே, நல்லா ஓதுறேன்னு எல்லாரும் சொன்னீக. படிக்கத் தெரியுதான்னு ஒருத்தரும் கேக்கலயே."

அதற்குள் மச்சினி எடுத்த வீடியோ குடும்பக் குரூப்புக்குப் போயிருந்தது. துபாயிலிருந்து என் தம்பி போன் செய்து, "எம் பிள்ளைகளையும் இப்படி ஓத வைக்கணும்ணே" என்றான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மகள் மதரஸாவில் முதலிலிருந்து எழுத்துப் படிக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சாயங்காலம் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன்.

"பப்ளிக் எக்ஸாம் வருது பாய். முடியட்டும், அப்புறம் ஓதிக்கிறட்டும்" என்றார் டீச்சர். "இப்பத்தான் எல்லாம் போன்லயே இருக்கே."

"இருக்கு டீச்சர். போன்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.