ஜீவரத்தினம் மாற்றிப் போட்ட ஒயர்

பாகாலா பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "கல்யாணக் காரை நிறுத்துனாரே, எலக்ட்ரீஷியன் ஜீவரத்தினம், அவரு பூட்டாரு." செத்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. எனக்குத் தலை குனிந்துபோனது. எனக்கு எழுத வராது. சபையார் நீங்கள் படிக்கவென்று, நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

எழுபதுகளில் சித்தூரில் தேவதாஸ் ஐயாவின் பழைய வெளிநாட்டுக் காருக்கு நான் டிரைவர். அதன் கார்பரேட்டரில் ஜீவரத்தினம் கரண்டு சோக் வைத்து, சாவியிலிருந்து ஒயர் கொடுத்தார். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் சோக் மூடி காற்றை அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் வண்டி பிடிக்கும். கரண்டு பாய்ந்தால் சுருள் சூடாகி மூடி மெல்லத் திறந்துவிடும்.

ஐயா மகளுக்குத் திருப்பதியில் கல்யாணம். டிசம்பர் குளிர். நம் வழக்கப்படி ஜெபம் பண்ணாமல் வண்டி நகராது. 'ஆமென்' சொன்னதும் கிளம்பலாமென்று நான் முன்பே சாவியைத் திருப்பி வைத்தேன். பாஸ்டர் ஜெபத்தை ஆபிரகாமில் தொடங்கி மாப்பிள்ளையின் சித்தப்பா வரை வந்து முடித்தார். வண்டி பிடிக்கவில்லை. பேட்டரி சாகும்வரை இழுத்தேன். பட்டுச் சேலையோடு பெண் நெல் லாரியில் ஏறிப் போனாள்.

அந்த லாரி வருவதற்குள், வழியனுப்ப வந்திருந்த ஜீவரத்தினம் பானெட்டுக்குள் கை வைத்துப் பார்த்தார்.

"இஞ்சின் ஜில்லுன்னு கீது, சோக்கு சுடுது, மூடி அதுக்குள்ள தொறந்துகினு கீது. சாவி எப்பய்யா போட்ட?"

"ஜெபம் ஆரம்பிக்கறப்பவே போட்டேன்" என்று எல்லார் முன்னும் சொன்னேன்.

"அப்போ ஜெபம் பண்ணதாலதான் வண்டி நின்னுச்சா?" என்றார் ஐயா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

ஜீவரத்தினம் சிரிக்கவில்லை. "இல்லைங்க ஐயா, நான் ஒயர் குடுத்த எடம் தப்பு" என்றார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் கல்யாண வண்டிக்கு அவரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அவராகவே வந்தார். இஞ்சின் ஓடினால்தான் சோக்குக்குக் கரண்டு போகும்படி ஒயரை டைனமோ பக்கம் மாற்றினார்.

"ஜெபம் முடிஞ்சி சாவி போடுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதாதா?" என்று கேட்டேன்.

"நீ பூடுவ, வேற ஆளு வருவான். யாருக்குன்னு சொல்லிக்கினு இருக்கறது? அவங்க எவ்ளோ நேரம் வேணும்னாலும் ஜெபம் பண்ணட்டும்யா."

அடுத்த குளிரில் ஐயா வீட்டு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பினோம். சாவியைப் போட்டு வைத்தேன். நீண்ட ஜெபம். வண்டி ஒரே இழுப்பில் பிடித்தது. யாரும் எதையும் கவனிக்கவில்லை, ஏறி உட்கார்ந்தார்கள். கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜீவரத்தினம், அந்தச் சத்தம் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தச் சிரிப்புதான். அன்று வண்டியை நிறுத்தி, "இது இவர் வேலை" என்று சொல்லியிருக்கலாம். நான் கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.