கடைசி ஆளின் கொடி

நான் ஒரு மனிதரை நடுவழியில் விட்டுவிட்டு வந்தேன். தெரிந்தே விட்டுவிட்டு வந்தேன்! சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்காக ஆண்டுதோறும் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் குழு எங்களுடையது. அதில் என் வேலை கடைசியில் வருவது. என் சைக்கிளின் பின்னால் சிவப்புக் கொடி கட்டியிருக்கும். கொடி வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று பொருள். தண்ணீர் லோரி அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். கொடிக்காரனுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது.

அன்று சாஆ என்ற சிற்றூரைத் தாண்டி லாபிஸ் போகும் சாலை. இருபுறமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம், கொளுத்தும் வெயில். என்னோடு அந்தோணி அண்ணன் மட்டுமே இருந்தார். அறுபது வயது. டயாலிசிஸுக்கு அலைந்து அலைந்தும் மனைவியைப் பறிகொடுத்தவர். அந்த அம்மாவின் நினைவாக வருடம் தவறாமல் ஓட்டுவார்.

காலில் பிடிப்பு என்று மர நிழலில் உட்கார்ந்தார். "அஞ்சு நிமிஷம் இருப்பா."

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே மேடேறுவது எனக்குக் கேட்டது. ஜொகூர் பாருவில் ஓர் அறையில் தனியாகக் கிடப்பவன் நான். வாரம் முழுக்கப் பேச ஆளில்லை. ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் கூட்டத்திலும் நான் கடைசியில்தான் கிடக்க வேண்டுமா? எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மெதுவா வாங்கண்ணே, நான் போய்ச் சொல்லிடுறேன்," என்று மிதித்தேன்.

சொன்னேனா? எங்கே சொன்னேன்!

"அலமாக், இன்னைக்குத்தான் ஒம் மூஞ்சியப் பாக்குறோம்! வா லா!" என்று தண்ணீர் லோரி நின்ற இடத்தில் மற்றவர்கள் தர்பூசணித் துண்டைக் கையில் திணித்தார்கள். லோரிக்காரர் கொடியைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். தலையாட்டினேன். லோரி போய்விட்டது. அவர் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்...

மதியம், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் அண்ணனைச் சாலையோரத்தில் மயங்கிய நிலையில் கண்டார். இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. குழுத் தலைவர் விசாரித்தபோது, "முன்னால போயிட்டாருன்னு நெனச்சேன். தோட்டத்துக்குள்ள திரும்பியிருப்பாரு," என்றேன். எல்லாரும் நம்பினார்கள். ஏன் அந்தப் பொய்? இந்தக் கூட்டமும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"வழி தெரியாத ஆளச் சேத்தா நமக்குத்தான் வம்பு," என்று அவரை இனிச் சேர்ப்பதில்லை என முடிவு செய்தார் தலைவர்.

மருத்துவமனையில் கண் விழித்த அண்ணனுக்கு அன்று காலை நடந்தது எதுவும் ஞாபகமில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வழி மாறிட்டேனாம்ப்பா. என்னால உனக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சிருப்பா. தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்றியா? அடுத்த வருஷமும் அவளுக்காக ஓட்டணும்."

"பரவால்லண்ணே, விடுங்க," என்றேன்.

ஆமாம்... நான் அவரை மன்னித்தேன்! நீங்கள் படித்தது சரிதான். தலைவரிடம் அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை நான் சொல்லவில்லை. இந்த ஆண்டும் அவர் இல்லாமல்தான் கிளம்பினோம்.